பிறந்தபோதே இருந்ததா?

சிசுவின் தோலில் செந்நீலக் கட்டி ஒன்று தெரிந்ததும் ‘ஹெமாஞ்சியோமா, தானே வற்றிவிடும்’ என்று பெற்றோருக்கு ஆறுதல் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் அது பலித்தும்விடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் வேறு கட்டிகள் கண்ணுக்குத் தப்புகின்றன.

2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் ஹெமாஞ்சியோமாவைச் சுருக்குவதில் ப்ரொப்ரனலால் மருந்தின் பலனை வெளியிட்டபின் இப்பழக்கம் இன்னும் எளிதாகிவிட்டது. ‘கொடுத்துப் பார்ப்போம்’ என்பதே பரிசோதனைபோல் ஆகிவிட்டது. ஆனால் பிறவியிலேயே முழுதாக வளர்ந்து, பின் விரைந்து சுருங்கும் ஹெமாஞ்சியோமா வகை, மருந்தே கொடுக்காவிட்டாலும் சுருங்கும். பெயர் மட்டும் மருந்துக்குப் போகும்.

நோய்க்குறிப்பை ஒழுங்காகக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். வழக்கமான சிசு ஹெமாஞ்சியோமா பிறக்கும்போது தெரியாது. தெரிந்தாலும் வெளிறிய தடமாகவே இருக்கும். முதல் சில வாரங்களில் தலைகாட்டி, இரண்டாம் மாதத்தையொட்டி மளமளவென வளரும். பிறந்தபோதே திரண்டிருந்த கட்டி, கல்போல் கெட்டியான கட்டி, தோலுக்கடியில் ஒட்டிப்பிடித்த கட்டி ஆகியவை இந்தக் கணக்கில் சேரா.

அப்படிப்பட்டவற்றில் கபோசிஃபார்ம் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா ஒன்று. கட்டி திடீரென வீங்கிக் கருநீலமானால் அன்றே பிளேட்லெட், ஃபைப்ரினோஜன் அளவுகளைப் பார்க்க வேண்டும். இவை இரண்டும் சரியும் கசபாக்–மெரிட் நிலை உயிருக்கே ஆபத்து. சிசு ஃபைப்ரோசார்க்கோமாவும் ரத்தக்குழாய்க் கட்டிபோலவே ஏமாற்றும். அதன் ஈடிவி6–என்டிஆர்கே3 மரபணு இணைவு 1998இல் கண்டறியப்பட்டது. என்டிஆர்கே இணைவுள்ள கட்டிகளுக்கான லாரோட்ரெக்டினிப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உறுப்பையே நீக்க நேரும் நிலையிலிருந்து சில குழந்தைகளைக் காக்க இன்று வழி உண்டு, நோய் இன்னதென்று தெரிந்தால்.

சத்தமில்லாமல் ஏமாற்றுவது டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா. தட்டையான தழும்புபோல், பிறவிக்குறி என்ற பெயரிலேயே பல ஆண்டுகள் கிடக்கும்.

முதலில் டாப்ளர் ஸ்கேன். ஐயம் நீடித்தால் எம்.ஆர்.ஐ., பயாப்ஸி. மூக்குத்தண்டு, உச்சந்தலை, முதுகெலும்பு என நடுக்கோட்டில் உள்ள கட்டிக்கு ஸ்கேன் முடியும்வரை ஊசியோ கத்தியோ படக் கூடாது. மூளையுடனோ தண்டுவடத்துடனோ தொடர்பு இருக்கலாம். நோயியலாளருக்குத் திசுவை அனுப்பும்போது குழந்தையின் வயதையும் கட்டி தோன்றிய காலத்தையும் எழுதி, குளுட்1 சாயச் சோதனை கேட்க வேண்டும். சிசு ஹெமாஞ்சியோமாவில் அது பாசிட்டிவ். மேலே சொன்னவற்றில் நெகட்டிவ்.

ஸ்கேன் வசதி இல்லாத இடத்திலும் அளவுகோல் வைத்து ஒரு புகைப்படம் எடுக்கலாம். முதல் மூன்று மாதங்களில் ‘பிறகு வாருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாமல், இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறித்துக் கொடுங்கள்.