இரவில் இறங்கும் மலையகம்

மலையகத்தைப் பற்றிப் பேசுவது கொழும்புத் தமிழரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. கருத்தரங்குகளில் லயங்களைப் பற்றி உரையாற்றுகிறோம். கவியரங்குகளில் தேயிலைத் தூருக்கு உரமானோரைப் பாடுகிறோம். 19 ஆம் நூற்றாண்டில் தலைமன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே மலைநாட்டுக்கு நடந்துவந்தோரின் நினைவாக, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபெற்ற பயணத்தையும் மனமுவந்து வரவேற்றோம். இவற்றில் எதுவும் தவறன்று. ஆயின், அந்நடையை நடந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் ஒவ்வோர் இரவும் மேற்கொள்ளும் எதிர்த்திசைப் பிரயாணத்தைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. அது மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பிரயாணம். அது வந்து முடியுமிடம் நமது வாசற்படி. நமது மௌனத்துக்குக் காரணமும் அதுவே என்பது என் வாதம்.

பதுளை, பண்டாரவளை, அட்டன், நுவரெலியா ஆகிய நகரங்களிலிருந்து இரவில் புறப்படும் பஸ் வண்டிகள் பொழுது புலருமுன் புறக்கோட்டையை அடைகின்றன. பதுளைப் பக்கத்து வண்டி பெரகலையில் திரும்பி, ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி என இறங்கும். அட்டன் வண்டி கினிகத்தேனை, கித்துள்கலை வழியாக வரும். இரண்டும் அவிசாவளையில் ஒரே பாதையில் சேர்கின்றன. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையின் குளிருக்காக அணிந்த கம்பளிச் சட்டை, இரத்தினபுரியைத் தாண்டுமுன் வியர்வையில் நனைந்துவிடும். உள்ளே யார் இருக்கிறார்கள்? மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி, மத்திய கிழக்குக்கு விமானமேறப் போகும் தாய், பரீட்சை எழுத வரும் மாணவன். இவர்களைவிட, வெள்ளவத்தை உணவுச்சாலைகளுக்கும் கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கும் வேலைக்குத் திரும்பும் இளைஞர்கள்.

இதே மலையைப் பகலில் பார்ப்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். 1867 இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை 1924 இல் பதுளையை அடைந்தது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதல் நோக்கம். இன்று அதன் யன்னலோரங்களில் உல்லாசப் பிரயாணிகள் அமர்ந்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்கிறார்கள். அம்மலையில் பிறந்தவனோ அதனை இருளிற் கடக்கிறான். அதுவும் உறங்கியபடி, அல்லது உறங்க முடியாமல்.

விபத்து நிகழும்போது மட்டும் நாடு விழித்துக்கொள்கிறது. 2025 மே 11 ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து நுவரெலியா வழியாகக் குருநாகலுக்குச் சென்ற அரச பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவிற் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, மலையிற் சுற்றுலா முடித்துத் தங்காலைக் கரைக்குத் திரும்பிய வண்டி எல்ல – வெல்லவாய வீதியில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு முறையும் ஒரே விவாதம்: சாரதி உறங்கினாரா, தடுப்புக் கருவி பழுதா, வீதியோர வேலி பலமற்றதா? இவை கேட்க வேண்டிய வினாக்களே. 1958 இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவையில் 1979 முதல் தனியாருக்கும் இடமளிக்கப்பட்டது. அன்றாட வசூலை நம்பி ஓடும் வண்டிக்கு அவசரம் கூடப்பிறந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. (இரவை மட்டும் குற்றஞ்சாட்டவும் முடியாது; 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறையிற் கவிழ்ந்து பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டது காலை வேளையிலேயே.) எனினும், சாரதியின் உறக்கத்தைப் பற்றி இவ்வளவு ஆராயும் நாம், பிரயாணியின் உறக்கத்தைப் பற்றி ஒருபோதும் கேட்பதில்லை. அவன் ஏன் இரவில் வருகிறான்? பகலில் வந்தால் என்ன?

விடை எளிது. பகல் அவனுடையதன்று.

நான் தங்கியிருக்கும் வெள்ளவத்தை அறைக்குக் கீழே ஓர் உணவுச்சாலை உண்டு. அங்கு ஊழியனுக்கு விடுமுறை இரண்டு நாள் எனில், அது எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். இரவு பத்து மணிக்குக் கடைக் கதவை இழுத்துப் பூட்டிய பின்னரே அவன் புறக்கோட்டைக்கு ஓடுகிறான். விடியற்காலை நகரத்தில் இறங்கி, தோட்டத்துக்குச் செல்லும் முதல் வண்டிக்குக் காத்திருந்து, வீடு சேரும்போது வெயில் ஏறிவிடும். அன்று ஒரு பகல், ஓர் இரவு. மறுநாள் மாலை மீண்டும் பை கட்ட வேண்டும். மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுபவனும் அவனே. “தம்பி, ஒரு பிளேன்ரீ” என்று நாம் அழைக்கும்போது நம் முன் நிற்பவன் மூன்று இரவுகளில் இரண்டை இருக்கையில் நிமிர்ந்தபடி கழித்தவன். முதலாளிக்கு ஒரு மணி நேரமும் நட்டமில்லை. பிரயாணத்துக்குரிய காலம் முழுவதும் தொழிலாளியின் உறக்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. இரவுப் பஸ் என்பது இந்தச் சுரண்டலின் சக்கரம் பூட்டிய வடிவமன்றி வேறென்ன?

இதற்குச் சட்டம் இல்லையா எனின், உண்டு. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறையையும், ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடனான விடுமுறையையும் கடை ஊழியருக்கு உரிமையாக்கியிருக்கிறது. இவை முறையாக வழங்கப்படுமாயின் தீபாவளிக்கு ஊர் செல்பவன் பகல் வண்டியிற் செல்லலாம். தாயின் கையால் நாலு வேளை உண்டு, பகலிலேயே திரும்பலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கோ அச்சட்டத்தின் நிழல்கூட இல்லை. 2021 இல் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயமுற்று இறந்தபோது நாம் சில வாரங்கள் கொதித்தோம். பிறகு அடங்கினோம்.

கொழும்புத் தமிழருக்குப் பஸ் வண்டியைப் பற்றிய கசப்பான நினைவொன்று உண்டு. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. அந்தப் பஸ்களை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அங்கே ஏற்றியவர் பிறர். இங்கே வரவழைப்பவர் நாம். பிறர் இழைக்கும் அநீதியை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு நம் கல்லாப்பெட்டியருகே நிகழ்வதையும் காணும் கண் நமக்கு வேண்டாமா?

“அதிக நாள் விட்டால் பொடியன்கள் திரும்பி வரமாட்டார்கள்” என்பது முதலாளிமாரின் வழக்கமான விடை. திரும்ப விரும்பாத இடமாகத் தமது கடையை வைத்திருப்பதற்கு அவர்களே தரும் வாக்குமூலம் இது. “அவர்களே இரவில் வருவதைத்தான் விரும்புகிறார்கள்” என்போரும் உளர். இரண்டு நாளை மட்டும் கையிற் கொடுத்துவிட்டு விருப்பத்தைப் பற்றிப் பேசுவது பரிகாசம்.

ஆகவே எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் தீபாவளிக்கு முன், உறுப்பினர் பத்துப் பேர் வெள்ளவத்தையிற் காலி வீதியிலும், பத்துப் பேர் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் கடை கடையாகச் செல்லட்டும். 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விடுமுறைப் பிரிவுகளைத் தமிழில் அச்சிட்டு, முதலாளிக்கு ஒன்றும் ஊழியருக்கு ஒன்றுமாகக் கொடுக்கட்டும். எத்தனை நாள் விடுமுறை வழங்கப்படுகிறது என்று கேட்டு, கிடைக்கும் விடைகளை அடுத்த மலரில் வெளியிடுவோம். இம்மலரின் பின்பக்க விளம்பரங்கள் பல அதே வீதிகளிலிருந்து வருபவை என்பதை நான் அறியாதவனல்லன், பொருளாளர் பொறுத்தருள்வாராக. விளம்பரம் குறையுமாயின் பக்கங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.