ஒரே நாடு... நடுவில் இன்னொரு நாடு!

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து தென்கோடி நகரமான உசுவாயா சுமார் 3,000 கி.மீ. தூரம். முதுகுப்பையோடு ஊர் சுற்றுபவர்கள் பலர் இந்தத் தூரத்தை பஸ்ஸிலேயே கடக்கிறார்கள்.

ரெத்திரோ பஸ் நிலையத்தில் ஏறினால், ரியோ காஷேகோஸ் போய்ச் சேரவே ஏறத்தாழ ஒன்றரை நாள். டிக்கெட்டில் ‘செமி காமா’, ‘காமா’ என வகைகள் உண்டு. காமா என்றால் ஸ்பானிய மொழியில் படுக்கை. கட்டணம் கூடுதல்தான்; ஆனால், சீட் நன்றாகச் சாயும். முதுகு பிழைக்கும். ஜன்னலுக்கு வெளியே மணிக்கணக்கில் மரமே இல்லாத பட்டகோனியா சமவெளி.

சிக்கல் அடுத்த பஸ்ஸில்தான். உசுவாயா இருப்பது ஒரு தீவில். 1881-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் அந்தத் தீவை அர்ஜென்டினாவும் சிலியும் பங்குபோட்டுக்கொண்டன. மகெல்லன் நீரிணை சிலி வசம் போனது. அதனால் பஸ் சிலிக்குள் நுழைந்து, படகில் நீரிணையைத் தாண்டி, மறுபடி அர்ஜென்டினாவுக்குள் வருகிறது.

எனவே, சிலி விசா விதிகளை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அர்ஜென்டினா விசாவும் மறுமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை டிக்கியில் போகும் பையில் வைக்கக் கூடாது. கையில் பழம் இருந்தால் எல்லைக்கு முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. சொல்லாமல் கொண்டுபோனால், சிலியில் அபராதம்!