உங்கள் நாவல் யாருக்கு வேண்டும்?

கதை எழுதத் தெரிந்தவர்தான் நல்ல கேம் மாஸ்டர் ஆவார் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அந்த நாற்காலிக்கு மிக ஆபத்தான ஆள், மனசுக்குள் ஒரு நாவலைச் சுமந்து திரியும் இலக்கிய வாசகர்தான். நாலு நண்பர்களைச் சேர்த்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடலாம் என்று முடிவானதும் அவர் என்ன செய்கிறார்? மடிக்கணினியைத் திறந்து இருபது பக்கம் எழுதுகிறார். ஆயிரம் வருட அரச வம்சம், ஒரு சாபம், ஒரு துரோகம், கடைசியில் எல்லாரும் அழ ஒரு மரணம். எல்லாம் தயார். ஆட வருகிற நாலு பேருக்கு மட்டும் அதில் வேலையே இல்லை.

விளையாடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேம் மாஸ்டர் ஓர் உலகத்தை விவரிப்பார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை ஆடுகிறவர் சொல்வார். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அங்கே நடுவர் உண்டு. ஆனால் யார் ஜெயிப்பார் என்பதை எந்த நடுவரும் முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டு வரமாட்டார்.

நாவல் நோய் பிறகு வந்தது. 1984இல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' சாகசத் தொடர் நல்ல உதாரணம். ட்ரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் அதே கதையை நாவல்களாகவும் எழுதினார்கள். நாவலாக அதை ரசித்தவர்கள் ஏராளம். ஆட்டத்திலோ சிக்கல் வந்தது. பின்னால் தேவைப்படும் ஆசாமி முன்னாலேயே செத்துவிட்டால் கதை என்னாவது? அதற்கும் ஒரு விதி வைத்தார்கள்: முக்கியமானவர்கள் செத்தால், செத்தது உறுதியாகத் தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் கிடைக்காது, அப்புறம் ஆள் திரும்பி வந்துவிடலாம். நீங்கள் உயிரைக் கொடுத்து வில்லனை வீழ்த்துகிறீர்கள், ஆனால் 'அவன் சாவது இன்றைக்கு இல்லை' என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருக்கும் பகடை எதற்கு?

"அப்ப ஒன்னுமே தயார் பண்ணாம போய் உக்காரணுமா?" என்று கேட்பார்கள். இல்லை. நிறையத் தயார் செய்யுங்கள், ஆனால் வேறு மாதிரி.

ஐந்தாம் பதிப்புக்காக 2014இல் வந்த தொடக்கப் பெட்டியில் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்' என்று ஒரு சாகசம் இருக்கிறது. அதன் முதல் குகையைப் பாருங்கள். கோப்ளின்கள் வாழும் இடம். தலைவன் பெயர் கிளார்க். குமாஸ்தா இல்லை, ரோமம் அடர்ந்த பெரிய பக்பேர். அவனுக்குக் கீழே யீமிக் என்ற கோப்ளின். யீமிக்குக்குத் தலைவன் நாற்காலி மேல் கண். அவன் கையில் சில்டார் என்ற பிணைக்கைதி. "கிளார்க்கைக் கொன்னுட்டு வாங்க, இவனை விட்டுடுறேன்" என்று பேரம் பேசுகிறான். அவன் வார்த்தையை நம்பலாமா என்பது அடுத்த பிரச்சினை.

இங்கே கதை எதுவும் எழுதப்படவில்லை. மூன்று பேர், மூன்று ஆசை, ஒரு குகை, அவ்வளவுதான். பேரத்துக்கு ஒத்துக்கொள்ளலாம். யீமிக்கைக் கிளார்க்கிடம் காட்டிக்கொடுக்கலாம். இரண்டு பேரையும் மோதவிட்டு, அந்தக் குழப்பத்தில் சில்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். நாவல் எழுதி வந்தவரோ, கிளார்க்கோடு நடக்கும் பெரிய சண்டைக்குப் பிறகுதான் சில்டார் விடுதலை என்று தீர்மானித்திருப்பார். "யீமிக்கோட டீல் போடலாம் லா" என்று ஒருவர் சொன்னதும் அவர் முகம் மாறும். "அவன் ஒத்துக்கமாட்டான்" என்று முடித்துவிடுவார். பத்து நிமிடம் கழித்து அந்த ஆட்டக்காரர் கைத்தொலைபேசியை எடுப்பார். பிறகு அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு தாள் போதும். யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்கள், நம் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நாளைக்கு என்ன நடக்கும். இந்த நான்கையும் எழுதுங்கள். முடிவை எழுதாதீர்கள். கண்டுபிடிக்கவேண்டிய ரகசியம் ஏதாவது இருந்தால் அதற்கு மூன்று தடயங்களாவது வையுங்கள். ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய ஆலோசனை அது. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

அடுத்த பாவம், பகடையை மறைத்து உருட்டிப் பொய் சொல்வது. இதை அனுபவசாலிகள் பலரே நியாயப்படுத்துகிறார்கள். "ஜாலிக்குத்தானே, முதல் நாளே ஒருத்தன் செத்துட்டா பாவம்ல?" என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். கிளார்க்கின் ஓர் அடி, இரண்டு எட்டு முகப் பகடையும் அதற்கு மேல் இரண்டும். அதிகபட்சம் 18. முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 8 அளவில்தான் இருக்கும். ஆக ஆபத்து உண்மை. ஆனால் இரக்கம் விதிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான அடிகளில் ஆள் உடனே சாவதில்லை, விழுந்துவிடுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை வந்தால் நிலைப்பார், அதற்குள் மூன்று முறை கீழே போனால் முடிந்தது. அந்த இடைவெளியில் நண்பர்கள் என்ன செய்யப்போகிறார்கள்? சண்டையை விட்டுவிட்டு ஓடிவந்து காப்பாற்றுவார்களா, எதிரியை முடிப்பார்களா? ஆட்டத்தின் உயிரே அந்தக் கேள்விதான். நீங்கள் திரைக்குப் பின்னால் 'அடி தவறிவிட்டது' என்று சொல்லும்போது, மந்திரவாதியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவருக்காக ஓடிவரவிருந்த நண்பரின் கணத்தைத் திருடுகிறீர்கள்.

சாவு வேண்டாமென்றால் அதை வெளிப்படையாகச் செய்யலாம். "இன்னைக்கு யாரும் சாகமாட்டோம், தோத்தா மாட்டிக்குவோம்" என்று ஆரம்பத்திலேயே பேசி முடிவெடுங்கள். மேலே சொன்ன சாகசத்தின் முதல் சண்டையிலேயே அப்படி ஒரு வழி இருக்கிறது. தோற்றவர்களைக் கோப்ளின்கள் மயக்கத்தில் விட்டு, கொள்ளையடித்துவிட்டுப் போய்விடும். எல்லாரும் சேர்ந்து எடுத்தால் அது ஒப்பந்தம். ஒருவர் மட்டும் ரகசியமாக எடுத்தால் ஏமாற்று.

நடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் தொடங்கிய 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, மாத்யூ மெர்சர் மாதிரி குரல் மாற்றத் தெரியவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. அங்கே ஆடுகிறவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். உங்களுக்கு அது தேவையில்லை. குகையை வருணிக்க மூன்று வாக்கியம் போதும், அதுவும் பேச்சுத் தமிழில். ஈரப் பாறை, கீழே ஓடும் தண்ணீர் சத்தம், உள்ளே எங்கோ நாய் மாதிரி ஓர் உறுமல். அடுத்து உடனே கேளுங்கள்: "என்ன பண்றீங்க?" யீமிக்கைச் செந்தமிழில் முழங்கவைத்தால் உங்கள் தமிழாசிரியர் மகிழலாம், மேசையில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு, வெறும் விளையாட்டுதானே என்று தோன்றலாம். நம் பிள்ளைகளுக்குப் பேச மேடை கிடைக்கிறது. பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், கவிதை வாசிப்பு. பேசிய பிறகு எதுவும் மாறாது. கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்த மேசையில் மட்டும், அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தி "நான் கதவைத் திறக்கல, தட்டுறேன்" என்று சொன்னால் உலகமே அதற்கேற்பத் திரும்ப வேண்டும். அவள் சொன்னதற்கு விளைவு உண்டு. அதை அவளிடமிருந்து பறிக்க எந்தக் கதையும் அவ்வளவு உசத்தி இல்லை.

உங்கள் நாவலை எழுதுங்கள், நாங்கள் வாங்கிப் படிக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி ஆட வரும்போது மட்டும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.