பஸ் ஸ்டாண்ட் திரும்பி வராது, அண்ணாச்சி

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

இன்னைக்கு தலைப்பு வியாபாரம். தொழிலில் எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் தள்ளிப் போடுவது பற்றி. "டாக்டருக்கு வியாபாரத்தைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று கேட்பீர்கள். வியாபாரிகளோட பி.பி. தெரியும். அது போதும்னு நினைக்கிறேன்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 54 வயது. பேக்கரி வைத்திருக்கிறார். நெஞ்சு இறுக்கமாக இருக்கு, தூக்கமே இல்லை என்று மனைவியோடு வந்தார். இசிஜி, ரத்தப் பரிசோதனையில் மாரடைப்பு இல்லை. பி.பி. 170/100. மூன்று மாத சராசரி சுகர் 9.8.

"என்ன அண்ணாச்சி, எதைப் போட்டு மனசுல உருட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன். பத்து நிமிஷம் பேசினார்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இவருக்கு இரண்டாவது கிளை. பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றி 26 மாதம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கடை மாதம் 35,000 ரூபாய் நஷ்டம். முதல் கடையில் சம்பாதிப்பதை இது தின்கிறது. பேங்க் தவணை இரண்டு தடவை தள்ளிப் போய்விட்டது.

"மூடிடலாமே?"

"பார்க்கலாம் டாக்டர். டவுன் பஸ்ஸை மட்டும் மறுபடி பழைய இடத்துக்கே விடப் போறதா பேசிக்கிறாங்க."

பேசிக்கிறாங்களாம்! யார் பேசுறாங்கன்னு கேட்டா, எதிரே நஷ்டத்துல உட்கார்ந்திருக்கிற இன்னொரு கடைக்காரர்.

35,000 பெருக்கல் 26. ப்ரிஸ்கிரிப்ஷன் பேப்பரின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். 9,10,000 ரூபாய். அந்தத் தொகையை அவர் அதுவரைக்கும் கூட்டியே பார்த்ததில்லை. தினமும் ராத்திரி கல்லாவை எண்ணுகிற மனுஷன்!

இப்போ என் கோபத்துக்கு வருகிறேன்.

தள்ளிப் போடுவது சோம்பேறித்தனம், காலை 5 மணிக்கு எழுந்தால் சரியாகிவிடும் என்று மேடை போட்டுச் சொல்கிறார்களே, தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள், அவர்களை நான் இந்த அண்ணாச்சி முன்னாடி உட்கார வைக்க ஆசைப்படுகிறேன். இவர் எழுவதே 4 மணிக்கு. மாவு பிசைகிற ஆள் வராவிட்டால் தானே இறங்கிப் பிசைவார். ராத்திரி 11 மணிக்குத்தான் ஷட்டர். இவரிடம் போய் சுறுசுறுப்பு பற்றி வகுப்பு எடுப்பீங்களா?

உழைப்புக்கு இங்கே பஞ்சமே இல்லை. பயம்தான். அந்தக் கிளையைத் திறக்கும்போது "வேண்டாம் மாப்ள" என்று சொன்ன மச்சான் முகத்தில் விழிக்க வேண்டும். "கடையை மூடிட்டானாம்ல" என்று ஊர் பேசும். அந்த ஒரு நாள் சங்கடத்தைத் தள்ளிப் போட, மாதம் 35,000 கட்டிக்கொண்டிருக்கிறார். இது மானத்துக்குக் கட்டுகிற வட்டி.

இந்தப் பயத்துக்கு நம்ம ஊர் காலண்டர் ரொம்ப ஒத்தாசை. ஆடியில் எதையும் தொடக்கூடாது. ஐப்பசியில் தீபாவளி சீசன், இப்போ போய் மூடுவாங்களா? மார்கழி ஆகாது. தை பிறந்தால் வழி பிறக்கும், காத்திருப்போம். பங்குனியில் கணக்கு முடிக்கணும், ஆடிட்டர் பிஸி. சித்திரை, வைகாசியில் கல்யாண ஆர்டர் வரும். அப்புறம் திரும்ப ஆடி. முடிவெடுக்க ஒரு மாசம் கூட மிஞ்சாது.

வேடிக்கை என்னன்னா, இதே மனுஷன் அந்தக் கிளையைத் திறக்க எடுத்துக்கொண்டது ஒரே வாரம். இடம் காலி என்று கேள்விப்பட்டார், அட்வான்ஸ் கொடுத்தார், பால் காய்ச்சினார். அவசரமாகத் திறப்பது, ஆற அமர மூடாமல் இருப்பது. ரெண்டும் ஒரே நோய்தான்; ரெண்டு இடத்திலும் யாரும் பேப்பரில் கணக்கு போடவில்லை.

"அப்போ பொறுமையே தப்பா டாக்டர்?" என்று வருவீர்கள். இல்லவே இல்லை. காத்திருப்பது என் தொழிலில் ஒரு சிகிச்சை.

டெங்கு வந்தவர் எல்லோரையும் நான் அட்மிட் செய்வதில்லை. நிலைமை நன்றாக இருந்தால் வீட்டுக்குத்தான் அனுப்புகிறேன். ஆனால் எப்படி? நீர் ஆகாரம் நிறைய எடுங்க, நாளைக்குக் காலையில் ரத்தப் பரிசோதனையோடு வாங்க, கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, இதில் எது வந்தாலும் நடு ராத்திரி ஆனாலும் உடனே வந்துடுங்க என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். (எத்தனை பேர் காய்ச்சல் விட்டுடுச்சேன்னு அந்த நாளில் வராமல் இருந்து விடுகிறார்கள், அது தனி இழை.)

இந்தக் காத்திருப்பில் ஒரு தேதி இருக்கிறது. எந்த அறிகுறி வந்தால் முடிவு மாறும் என்பது முன்கூட்டியே எழுதியிருக்கிறது. வீட்டில் இன்னொருத்தருக்கும் தெரியும். அண்ணாச்சியின் "பார்க்கலாம்"மில் இது மூன்றும் கிடையாது.

நீங்கள் தேதி வைக்காவிட்டால் பேங்க் வைக்கும். தவணை தவறி 30 நாள் வரை ஒரு கட்டம், 60 வரை அடுத்தது, 90 வரை இன்னொன்று. எஸ்.எம்.ஏ. 0, 1, 2 என்று பெயர். ரிசர்வ் வங்கி விதி இது. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். சொத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால் அதற்கப்புறம் 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரலாம். ப்ரீ டயபடிஸ், டயபடிஸ், கால் புண் என்று நான் வரைந்து காட்டுகிற படம் மாதிரியே இருக்கா?

இதில் ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம்: ஆரம்பக் கட்டத்திலேயே வைத்தியம் இருக்கிறது. சிக்கலில் இருக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு 2015-ல் ஒரு மறுவாழ்வு வழிமுறையை அறிவித்தது. 25 கோடி வரை கடன் உள்ளவர்களுக்கு. நஷ்டம் வருகிறது, கட்ட முடியாமல் போகலாம் என்று தெரிந்தால் கடன் வாங்கியவரே முன்கூட்டி வங்கியிடம் போய்க் கேட்கலாம். தவணையை மாற்றி அமைப்பதைப் பற்றிப் பேச இடம் இருக்கிறது. ஆனால் நம்ம ஆட்கள் மேனேஜர் போன் வந்தாலே சைலன்ட்டில் போடுகிறார்கள். நெஞ்சு வலி வந்தவன் ஆம்புலன்ஸ் நம்பரை பிளாக் பண்ண மாதிரி.

சரி, டாக்டர்கள் மட்டும் யோக்கியமா? எங்களுக்கும் இந்த நோய் உண்டு. பெயர் கூட வைத்திருக்கிறார்கள்: கிளினிக்கல் இனர்ஷியா. 2001-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. சுகர் கட்டுக்குள் இல்லை என்று டாக்டருக்குத் தெரியும், மருந்தை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும், இருந்தும் "அடுத்த தடவை பார்ப்போம்" என்று பழைய சீட்டையே திரும்ப எழுதுவது. இந்த அண்ணாச்சியின் பழைய ஃபைலைப் புரட்டினேன். போன வருஷம் 8.9. அப்போதே மருந்தை மாற்றியிருக்க வேண்டும். "டயட்ல இருக்கேன், மூணு மாசம் பார்க்கலாம்" என்றார். எழுதியவன் நான்தான். அவரைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது.

அதனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்தே தேதி வைத்தோம். தை 15. அதற்குள் தொடர்ந்து இரண்டு மாதம் அந்தக் கடை தன் வாடகையையும் சம்பளத்தையும் தானே சம்பாதிக்க வேண்டும். இல்லாவிட்டால் காலி. பேங்குக்கு அந்த வாரமே போக வேண்டும். எழுதி அவர் மனைவி கையில் கொடுத்தேன்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த அந்த அம்மா சொன்னது: "நஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு இவர் நினைச்சுக்கிட்டு இருக்கார் டாக்டர். என் வளையல் அடகுச் சீட்டு பீரோவுலதானே இருக்கு. நானும் ரெண்டு வருஷமா, இவரே சொல்லட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

தை 10-ம் தேதியே மூடிவிட்டார். ஓவனை முதல் கடைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பையன்களுக்கும் அங்கேயே வேலை. அட்வான்ஸில் பாதிதான் திரும்பியது. அதிலும் வாடகை பாக்கி கழிந்தது. கிடைத்தது கொஞ்சம்தான். மச்சான் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தாலும் 35,000 ரூபாய்க்கு அது மலிவு.

இப்போ பி.பி. 138/86. சுகர் 7.9. கடையை மூடியதால் சுகர் குறைந்தது என்று யாரும் ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. மாத்திரையை மாற்றினேன், ராத்திரி 11 மணி சாப்பாடு 9 ஆனது, அதுதான்.

இன்சுலின் பேச்சு எடுத்தால் மட்டும் அண்ணாச்சி இன்னும் "பார்க்கலாம் டாக்டர்" என்கிறார். பார்க்கலாம். சித்திரை 20, காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சீட்டு அந்த அம்மாவிடம்.