மலையில் மலிவு மனை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள நிலம் சமவெளி மனையைவிட மலிவாகத் தெரியலாம். விலையைவிட அந்நிலம் யாருக்கு, எந்த நிபந்தனையுடன் தரப்பட்டது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. இங்கு பெரும்பான்மையோர் பழங்குடிப் பட்டியலில் உள்ள மலையாளி மக்கள். சாமை விதைத்தும் புளி உலுக்கியும் பிழைப்பவர்கள்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அரசு ஒப்படை செய்த நிலத்துக்கும் பட்டாவிலேயே நிபந்தனைகள் உண்டு. மீறினால் ஒப்படை ரத்தாகலாம். தமிழகத்தில் பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவுமில்லை. பழங்குடி நிலக் கைமாற்றத்தைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லை. இந்த இடைவெளியில்தான் பதிவு செய்யாத ஒப்பந்தங்களும் பவர் பத்திரங்களும் புகுந்துகொள்கின்றன.

எனவே நிலம் வாங்குபவருக்கு வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அதில் பதிவான பத்திரங்களே தெரியும். ஒப்படை நிபந்தனை தெரியாது. நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் பட்டாவின் மூலக் கோப்பையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்ப்பது அவசியம். வனத்தையொட்டிய சர்வே எண் என்றால் வனத்துறை எல்லையையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் வாங்குபவரின் கவனம் மட்டும் போதாது; பழங்குடி நில மீட்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.