மச்சில்லாதவனுக்கு எந்தப் பனி?

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று ஒரு சொலவடை. மச்சு வீட்டுக்காரன் கட்டுனதாத்தான் இருக்கணும். தரையிலேயே கிடக்கிறவனுக்குத் தை என்ன, மாசி என்ன? மார்கழியிலேயே முதுகு விறைச்சுப் போகுது.

மதுரைக் குளிர் பெரிய குளிரில்லை. வடக்கே போனால்தான் தெரியும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிற குளிர்காலப் புயல்கள் இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டுக் கடந்ததும், வடமேற்குக் காற்று கங்கைச் சமவெளிக்குள் இறங்கும். 2021 ஜனவரி 1 விடியலில் டெல்லியில் 1.1 டிகிரி. இப்படி வரும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஒரே தலைப்பு: 'குளிருக்குப் பலி'. குளிர் என்ன அரிவாளோடவா வருது? பங்களாவுக்குள்ள ரஜாய் போர்த்திக் கிடக்கிறவனை அது ஏன் தேடிப் போகலை?

2013இல் முசாபர்நகர் கலவரம். ஊரைவிட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். டிசம்பருக்குள் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போயின. உத்தரப்பிரதேச உள்துறை அதிகாரி ஒருவர் சொன்னார்: குளிரால் யாரும் சாவதில்லையாம், அப்படிச் செத்தால் சைபீரியாவில் ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்களாம். திமிர்ப் பேச்சு. ஆனால் அவருக்கே தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். சைபீரியாவில் வீட்டுக்குச் சுவர் இருக்கு, உள்ளே கணப்பு இருக்கு, உடம்புக்குக் கம்பளி இருக்கு. கூடாரத்துப் பிள்ளைக்கு எது இருந்துச்சு?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் விபத்துச் சாவுகளுக்கு வருசாவருசம் புத்தகம் போடுகிறது. குளிரில் செத்தவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. எந்த மாநிலம், ஆணா பெண்ணா, என்ன வயசு, எல்லாம் இருக்கு. என்ன சாதி என்பது இல்லை. வீடு இருந்துச்சா, அதுவும் இல்லை. பேங்க் கிளார்க்காகச் சொல்கிறேன்: கட்டமே போடாத கணக்கை எந்த ஆடிட்டரும் கேட்கமாட்டான்.

2009 டிசம்பர்க் குளிரில் டெல்லி பூசா ரோட்டில் வீடற்றவர்கள் தங்கியிருந்த கூடாரத்தை மாநகராட்சியே பிரித்துப் போட்டது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம், வருசம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கிற தங்குமிடம் வேண்டும் என்றது. மதுரையில் பத்து லட்சத்துக்கு மேல் சனம். அப்படியானால் பத்துக்குக் குறையாமல் இருக்கணும்.

தோழர்களே, இந்த மார்கழியில் ஒரு ராத்திரி பெரியார் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் நடங்க. கடை வாசலில் படுத்திருக்கிறவங்களை எழுப்பாம எண்ணுங்க. விடியக்காலம் தெருக் கூட்ட வர்ற நம்ம அக்காமாருக்கு யார் எங்கே படுப்பாங்கன்னு தெரியும், கேளுங்க. விடிஞ்சதும் டீக்கடையில் அவங்ககூட உட்கார்ந்து, சம்மதிக்கிறவங்ககிட்ட ஊர், சாதி, எத்தனை வருசமாத் தெருவுல, எல்லாம் கேட்டு எழுதிக்குங்க. அந்தப் பேப்பரோட மாநகராட்சி ஆபீசுக்குச் சேர்ந்தே போவோம்.