போர்க்கப்பல் புத்தகங்களை வெட்டாதீங்க!

பழைய போர்க்கப்பல் படப் புத்தகம் சேர்க்கிறவங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி புத்தகத்தைப் புத்தகமாவே அலமாரியில் வைக்கும். இன்னொரு கட்சி படப் பக்கத்தை பிளேடால் வெட்டி, ஃப்ரேம் போட்டு மாட்டும், இல்லேன்னா விற்கும். இந்த ரெண்டாவது கட்சி மேல எனக்குச் செம கடுப்பு.

விற்கிறவர் கணக்கு புரியாம இல்லை. நானும் பி.காம்தானே! அட்டை கிழிந்த தொகுதி முழுசா என்ன விலை போகுமோ, அதைவிட அதிலுள்ள படங்களைத் தனித்தனியா விற்றால் கூடுதலா தேறும். நொடித்த கம்பெனியை வாங்கி, மெஷினையும் நிலத்தையும் பிரித்து விற்கிற அதே வித்தை.

ஆனா இந்தப் புத்தகங்களின் சுவையே அவை சொல்லாமல் விட்டதில்தான் இருக்கு. 1914 ஆகஸ்டில் லண்டனில் 'தி வார் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற படப் பத்திரிகை தொடங்கியது. அதன் பைண்ட் செய்த தொகுதிகளை இன்றும் தேடி வாங்குறாங்க. அதே வருஷம் அக்டோபர் 27-ல், அயர்லாந்துக்கு வடக்கே 'ஆடேஷியஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஜெர்மன் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. பக்கத்தில் வந்த 'ஒலிம்பிக்' கப்பலில் (டைட்டானிக்கின் அக்கா!) இருந்த பயணிகள் போட்டோவே எடுத்துட்டாங்க. அமெரிக்கப் பத்திரிகையில் செய்தியும் வந்தாச்சு. பிரிட்டிஷ் கடற்படை மட்டும் 1918 நவம்பர் 14 வரை, அதாவது சண்டை ஓய்ந்து மூணு நாள் ஆகிறவரை, வாயே திறக்கலை. நாலு வருஷம் அந்தக் கப்பல் பட்டியலில் மட்டும் மிதந்துகிட்டே இருந்தது.

இது தெரிந்து 1915-ம் வருஷத் தொகுதியைப் புரட்டிப் பாருங்க, ஒவ்வொரு வீரப் படமும் வேற மாதிரி தெரியும். இல்லாத செய்தியை வெட்டி ஃப்ரேம் போட முடியுமா? முழுப் புத்தகம் கையில் இருந்தால்தான் அது இல்லைங்கிறதே தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் இன்னும் வேடிக்கை. தணிக்கைக்காரங்க கப்பல் படங்களில் ரேடார் ஆன்டெனாவைத் தடவி அழிச்சாங்க. போர்க்காலத்தில் அச்சான புத்தகத்தில் உச்சி மொட்டையா நிற்கிற கப்பல், போருக்குப் பிறகு வந்த புத்தகத்தில் ஆன்டெனாவோட நிற்கும். எந்தப் படம் எப்போ அச்சானதுன்னு தெரியாட்டி இதில் என்ன இருக்கு?

"புத்தகமே நைந்து போச்சு, படமாவது பிழைக்கட்டும்" என்பார்கள். போர்க்காலக் காகிதம் மட்டம்தான், ஒத்துக்கறேன். அதுக்கு ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டு மாட்டிக்கலாமே! நான் தனிப் பக்கம் எதுவும் வாங்குறதில்லை. புத்தகம் வாங்கும்போதும் விலைக்கு முன்னாடி கேட்கிறது, "பக்கமெல்லாம் முழுசா இருக்கா?"